பாட்டாச் செருப்பில் ஒரு கார்: வீட்டுச் சாமான்களால் ஓடும் விளையாட்டு வண்டி செய்யும் முழு விபரம்

நல்லூர்த் தேரன்று வாங்கிய பிளாஸ்டிக் கார் மறுநாள் தீர்த்தத்தன்று சில்லுக் கழன்று கட்டிலுக்குக் கீழே கிடப்பது எங்கள் வீட்டில் வருடாவருடம் நடப்பதுதான். இந்த முறை மருமகன் கழன்ற சில்லைக் கையில் கொண்டுவந்து, "மாமா, இதைப் பூட்டித் தாங்கோ" என்றான். வாங்கிப் பார்த்தேன். அச்சு என்ற பெயரில் ஈர்க்கை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குச்சி, அதுவும் முறிந்துவிட்டது. பூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "விடு, நாங்களே ஒண்டு செய்வம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சும்மா இல்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பெற்றோலும் பற்றரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வரத் தடை. எங்கள் ஒழுங்கையில் ஓடிய ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் சில துளி பெற்றோல். கார்களுக்கே அந்தக் கதி என்றால் விளையாட்டுக் காரை யார் கடையில் வாங்குவது? செருப்பு, போத்தல் மூடி, சைக்கிள் கம்பி என்று கையில் அகப்பட்டதை வைத்து நாங்களே செய்தோம். மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்த கார். நாற்பது வருடம் கழித்தும் அது இங்கே ஓடியதற்குக் காரணம் எங்கள் கராஜ்காரர்கள். அவர்கள் காரின் அழகைப் பார்த்து நேரம் போக்குவதில்லை. சாக்கை விரித்துக் கீழே படுத்துவிடுவார்கள்.

விளையாட்டுக் காருக்கும் அதே வழிதான். பிள்ளைகள் முதலில் பெட்டியை எடுத்து ஜன்னல் வெட்டத் தொடங்குவார்கள், பிறகு வண்டி ஓடாது. அதனால் இந்த விபரத்தில் முக்கால்வாசி சில்லும் அச்சும் பற்றியது. உடம்புக்குக் கடைசியில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறேன், அது போதும்.

சேர்க்க வேண்டியவை

தேய்ந்துபோன ஒரு சோடி றப்பர் செருப்பு. ஊரில் எந்தக் கம்பனிச் செருப்பானாலும் பாட்டாதான். குதிப்பகுதி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, முன்பகுதி ஒரே தடிப்பாக இருக்க வேண்டும்.

பழைய சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்று. சைக்கிள் திருத்தும் கடையில் கழித்துப் போட்ட கம்பிகள் ஒரு மூலையில் கிடக்கும், கேட்டால் காசு வாங்கமாட்டார்கள். கம்பி சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்பு. பெரிய சைக்கிளின் கம்பி ஒன்றை வெட்டினால் இரண்டு அச்சு வரும்.

ஜூஸ் பெட்டியோடு வரும் மெல்லிய ஸ்ரோ மூன்று, நான்கு. பெரிய ஸ்ரோ வேண்டாம், கம்பி அதற்குள் ஆடும்.

தடித்த பெட்டி மட்டை, அதாவது உள்ளே அலை அலையாக இருக்கும் பொதி மட்டை. ஒரு 400 கிராம் பால்மாப் பெட்டி. றப்பர் பாண்ட் நாலைந்து. ஓட்டை உள்ள மணி நாலு (அறுந்த மாலை எந்த வீட்டிலும் இருக்கும்). நெருப்புக்குச்சி, தடித்த நூல், சாக்கு ஊசி, செலோரேப், அடிமட்டம், குறடு, பிளேட் அல்லது கூரான கத்தி.

மீன் ரின்னில் கார் செய்வது பற்றிக் கேட்பீர்கள். செய்யலாம், நாங்கள் செய்திருக்கிறோம். என் இடது பெருவிரலில் அந்த ரின் விளிம்பு கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளைகளோடு செய்யும் வேலைக்கு ரின் வேண்டாம்.

சில்லு வெட்டுதல்

செருப்பைக் கழுவிக் காயவிட்டு, அதன்மேல் ரின்பால் பேணியைக் கவிழ்த்து வைத்துப் பேனையால் வட்டம் போடுங்கள். சுமார் 7 செ.மீ. விட்டம் வரும். நாலு வட்டம் வேண்டும். ஒரு செருப்பின் முன்பகுதியில் ஒன்று நிச்சயம், சிறிய செருப்பென்றால் இரண்டாவது வராது. அப்படியானால் பேணியை விட்டுவிட்டு அதைவிடச் சிறிய மூடி ஒன்றைத் தேடி எடுங்கள். நாலும் ஒரே அளவாக இருந்தால் சரி.

வெட்டும்போது இரண்டு விடயம். முதலாவது, பிளேட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு வெட்டுங்கள். காய்ந்த பிளேட்டை றப்பர் இறுக்கிப் பிடிக்கும். கையைப் பலமாகக் கொடுப்போம். அப்போதுதான் வழுக்கிக் கையை வெட்டும். இரண்டாவது, பிளேட் நிமிர்ந்து நிற்க வேண்டும். சரிந்தால் சில்லு ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக வரும். அது நிலத்தில் விளிம்பால் மட்டும் தொடும். இந்த வேலையைப் பெரியவர்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் வட்டம் வட்டமாக வராது. கவலைப்படாதீர்கள், இதற்கு மருந்து பிறகு வருகிறது.

நடுவைக் கண்டுபிடிக்க: அதே பேணியைக் கடதாசியில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து விரித்தால் இரண்டு மடிப்பும் வெட்டும் இடம்தான் நடு. கடதாசியைச் சில்லின்மேல் வைத்து அந்தப் புள்ளியில் சாக்கு ஊசியால் நேராகக் குத்துங்கள். கண்மட்டத்துக்குக் குத்திய சில்லு ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் வண்டி நொண்டும். மருமகன் முதல் சில்லைக் கண்மட்டத்துக்குத்தான் குத்தினான். அந்தச் சில்லு இப்போது பூனையின் விளையாட்டுச் சாமான்.

அச்சு

கம்பியைக் குறட்டால் 14 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டாக வெட்டுங்கள். வெட்டிய முனை கூராக இருக்கும், சீமெந்து நிலத்தில் தேய்த்து மழுக்குங்கள். பிறகு கம்பியை மேசையில் உருட்டிப் பாருங்கள். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும், வளைந்தது தடக் தடக் என்று துள்ளும். துள்ளினால் வளைவு எங்கே என்று பார்த்துக் கையால் நிமிர்த்தி, மறுபடி உருட்டுங்கள். சத்தம் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். எனக்கு ஒரு கம்பிக்குப் பத்து நிமிடம் பிடித்தது. இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவரின் வண்டி கடைசிவரை குலுங்கிக்கொண்டுதான் ஓடும்.

கம்பியின் ஒரு நுனி ஏற்கெனவே வளைந்து தலையோடு இருக்கும், சைக்கிளின் நடுத்தண்டில் மாட்டுகிற பக்கம். அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள். சில்லை அச்சில் கோத்த பிறகு அந்த வளைவைச் சில்லின் றப்பருக்குள் அமத்திவிட்டால் சில்லும் அச்சும் ஒன்றாகச் சுற்றும். மற்ற நுனிகளைக் குறட்டால் அதேபோல வளைக்கலாம். எங்கள் காரில் பின் அச்சுத்தான் வண்டியைத் தள்ளப் போகிறது. சில்லு அச்சில் வழுக்கினால் றப்பர் பாண்டின் பலமெல்லாம் வீணாகிவிடும்.

ஈர்க்கை அச்சாக வைக்கலாமா? விளக்குமாற்றிலிருந்து உருவிய தடித்த ஈர்க்கும் நாலு போத்தல் மூடியும் போதும், சின்ன வண்டி ஒன்று அரை மணித்தியாலத்தில் ஆகிவிடும். ஆனால் ஈர்க்கு ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. நிலத்தில் உருட்டி விளையாட அது போதும், றப்பர் பாண்டின் இழுப்புக்கு வளைந்துவிடும்.

அடித்தட்டு

மட்டையில் 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். உள்ளே இருக்கும் அலைக்கோடுகள் நீளப்பாட்டுக்கு ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் றப்பர் பாண்ட் இழுத்ததும் தட்டு வில்லுப்போல வளையும். இரண்டையும் ஒட்டி, மேலே நாலு புத்தகத்தை வைத்து ஓர் இரவு விடுங்கள். கோதுமைமாப் பசையே போதும்.

மறுநாள் பின்பக்க விளிம்பின் நடுவில் 3 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வாய் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. அகலத்தில் இரண்டு கால் மிஞ்சும். இந்த வாய்க்குள்தான் பின் அச்சின் நடுப்பகுதி வெளியே தெரியும், றப்பர் பாண்ட் அதில் சுற்றும்.

இனி ஸ்ரோ. முன்னுக்கு 8 செ.மீ. துண்டு ஒன்று, பின்னுக்கு இரண்டரை செ.மீ. துண்டு இரண்டு. தட்டின் அடிப்பக்கத்தில் முன் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒரு கோடு, பின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி நேராக ஓடும். கோடு நேராக விழுகிறதா என்று பார்க்க அப்பியாசக் கொப்பியின் மூலையை வைத்தாலே போதும்.

ஸ்ரோவைக் கோட்டின்மேல் வைத்து நூலால் தையுங்கள். ஆம், ஒட்டுவதில்லை, தைப்பதுதான். எங்கள் ஊர் வெயிலில் செலோரேப் இரண்டு நாளில் இளகி நழுவும். சாக்கு ஊசியால் ஸ்ரோவின் இரண்டு பக்கமும் குத்தி, நூலை மேலால் எடுத்து, இரண்டு மூன்று சுற்றுக் கட்டுங்கள். ஸ்ரோ நசுங்குகிற அளவுக்கு இறுக்க வேண்டாம். தைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: பிறகு ஸ்ரோவைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளித் திருத்தலாம்.

பூட்டுதல்

தலையுள்ள கம்பியில் சில்லைக் கோத்துத் தலைவரை தள்ளுங்கள், வளைவை றப்பருக்குள் அமத்துங்கள். பிறகு ஒரு மணி, பிறகு ஸ்ரோவுக்குள் கம்பி, மறுபக்கம் வெளியே வந்ததும் இன்னொரு மணி, அடுத்த சில்லு. மிஞ்சிய நுனியைக் குறட்டால் வளைத்து அமத்துங்கள். மணிக்கும் சில்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். மணி இல்லாமல் விட்டால் சில்லு மட்டையில் உரசும். றப்பர் பிரேக் போடுவதற்கென்றே பிறந்த சாமான், அதை மட்டையில் உரசவிடக்கூடாது.

இப்போது நான் சொன்ன மருந்து. வண்டியைக் கையில் பிடித்து, சில்லைச் சொரசொரப்பான சீமெந்து நிலத்தில் மெதுவாக அமத்திச் சுற்றுங்கள். சில்லில் துருத்திக்கொண்டிருக்கும் மேடு முதலில் தேயும். தேயத் தேயச் சில்லு அச்சுக்குச் சரியான வட்டமாகிவிடும். விறாந்தைத் தரை மினுக்கியதாக இருந்தால் சரிவராது, கிணற்றடிச் சீமெந்து நல்லது.

றப்பர் பாண்ட் போட முன்பு சும்மா உருட்டிப் பாருங்கள். தரையில் வைத்து மெதுவாக ஒரு தள்ளு. இரண்டு மூன்று மீற்றர் நேராகப் போனால் மிச்ச வேலைக்குப் போகலாம். போகாவிட்டால் இங்கேயே நின்று திருத்துங்கள்.

"மாமா, இது ஏன் வலப்பக்கமா வளைஞ்சு வளைஞ்சு ஓடுது?"

முன் அச்சின் வலது நுனி இடது நுனியை விடப் பின்னுக்கு இருக்கிறது, அதனால்தான். வலப்பக்கத் தையலை இளக்கி ஸ்ரோவை ஒரு மயிரிழை முன்னே தள்ளினால் சரி. இடப்பக்கம் வளைந்தால் எதிராகச் செய்ய வேண்டும். தேர் வீதியில் வரும்போது சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய தேருக்கும் ஒரு பக்கச் சில்லைக் கொஞ்சம் தடுத்தால் போதும். மருமகனுக்கு இது உடனே விளங்கிவிட்டது, தேரைச் சொன்னதனால்தான் என்று நினைக்கிறேன்.

வண்டி நேராகப் போகிறது, ஆனால் சீக்கிரம் நிற்கிறது என்றால் ஸ்ரோவுக்குள் உரசல். பென்சிலின் கரியைப் பிளேட்டால் சுரண்டி அந்தத் தூளை ஸ்ரோவுக்குள் தட்டுங்கள். தேங்காயெண்ணெய் விடவேண்டும் என்று யாராவது சொல்லுவார்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு முற்றத்து மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சின்

பின் அச்சின் நடுவில், வாய்க்கு நேரே, ஒரு செ.மீ. நீளமான நெருப்புக்குச்சித் துண்டைக் குறுக்காக வைத்துச் செலோரேப்பால் இறுக்கச் சுற்றுங்கள். குச்சியின் நுனி கொக்கிபோல அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தட்டின் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டு, றப்பர் பாண்டின் ஒரு நுனியை அதற்குள் விட்டு, மறுபக்கம் ஒரு ஈர்க்குத் துண்டைக் கோத்து நிறுத்துங்கள். ஒரு பாண்ட் எட்டாவிட்டால் இரண்டை ஒன்றோடொன்று முடிச்சாகக் கோக்கலாம். மறு நுனியைக் கொக்கியில் சும்மா மாட்டுங்கள், கட்டக்கூடாது. கட்டினால் பாண்ட் முழுவதும் அவிழ்ந்த பிறகு மறுபக்கமாகச் சுற்றி வண்டியை நிறுத்திவிடும். மாட்டி விட்டால் கடைசியில் தானே கழன்று விழும், வண்டி மிச்சத் தூரத்தைத் தன்பாட்டில் உருளும்.

வண்டியைத் தரையில் அமத்திப் பின்னோக்கி இழுங்கள். பாண்ட் அச்சில் சுற்றும். கையை எடுங்கள்.

எவ்வளவு தூரம் ஓடும்? கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்தே போடலாம். 7 செ.மீ. சில்லு ஒருமுறை சுற்றினால் வண்டி சுமார் 22 செ.மீ. நகரும். 2 மில்லிமீற்றர் அச்சின் சுற்றளவு 6 மில்லிமீற்றர் சொச்சம். பாண்ட் 15 செ.மீ. இழுபட்டால் கிட்டத்தட்ட 24 சுற்று, அதாவது ஐந்து மீற்றருக்கு மேல். உண்மையில் அவ்வளவு வராது. பாண்ட் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றும்போது அச்சுத் தடித்துக்கொண்டே போகும், சுற்று குறையும்.

ஆனால் அந்தத் தடிப்பு நல்லதுக்குத்தான். வண்டி வெளிக்கிடும்போது பாண்டின் எல்லாச் சுற்றும் அச்சில் இருக்கும், அச்சுத் தடிப்பு, தள்ளும் பலம் கூட. ஓட ஓடச் சுற்று அவிழ்ந்து அச்சு மெலியும். பலம் குறையும், ஆனால் அதே அளவு பாண்டுக்குச் சில்லு கூடச் சுற்றும். பஸ் வெளிக்கிடும்போது முதலாம் கியர், ஓடத் தொடங்கினால் அடுத்த கியர் என்று சாரதி மாற்றுகிறாரே, அதை இந்த வண்டி தானாகவே செய்கிறது. நாங்கள் சின்ன வயதில் இதைச் செய்து ஓடவிட்டோம், ஆனால் இந்தக் கியர் விடயம் இப்போது மருமகனுக்கு விளங்கப்படுத்தும்போதுதான் எனக்கே பிடிபட்டது.

இதை வைத்து வண்டியை விரும்பியபடி மாற்றலாம். பாண்டைச் சுற்றியும் வண்டி அசையவில்லை என்றால் அச்சின் நடுவில் செலோரேப்பைப் பென்சில் தடிப்புக்குச் சுற்றி, கொக்கியை அதன்மேல் வையுங்கள். தூரம் குறையும், ஆனால் அம்புபோலப் பாயும். நீண்ட தூரம் வேண்டுமென்றால் வெறும் கம்பியே நல்லது.

சில்லு ஒரே இடத்தில் நின்று சுற்றி வழுக்கினால் பின் அச்சுக்கு மேலே பாரம் போதாது. இரண்டு பத்து ரூபாய்க் குற்றியை அங்கே ஒட்டுங்கள். போத்தல் மூடிச் சில்லென்றால் பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி ரயர்போல மாட்டலாம். அதே ரியூப் வளையத்தை எஞ்சினாகவும் போடுவோம் என்று யோசிக்காதீர்கள். அது கெற்றப்போலுக்கு உரிய பலம், மட்டைத் தட்டை இரண்டாக மடித்துவிடும். பாண்டை இழுத்துப் பிடித்தபடி முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு ஒருதரம் சொல்லி வையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களிடம் மணியும் குற்றியும் உள்ள வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

அவர்களுக்கு நுங்கு வண்டில் இருக்கிறது. நுங்கு காலத்தில், குடித்து முடித்த இரண்டு கோம்பையை ஒரு தடியின் இரண்டு நுனியிலும் குத்தி, அந்தத் தடியைக் கவர்த்தடி ஒன்றால் தள்ளிக்கொண்டு ஓடினால் ஆயிற்று.

உடம்பு

பால்மாப் பெட்டியை ஒட்டிய இடத்தில் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டுங்கள். எழுத்தில்லாத பக்கம் வெளியே வந்தால் நிறம் தீட்டலாம். ஜன்னல், கதவு உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உடம்பைத் தட்டோடு நிரந்தரமாக ஒட்டாமல், இரண்டு இடத்தில் நூலால் கட்டுங்கள். றப்பர் பாண்ட் அறுந்தால் கழற்றி மாற்ற வேண்டும். பின்பக்கம் அச்சுக்கு மேலே ஒரு விரல் போகிற இடமும் விடுங்கள், கொக்கியில் பாண்டை மாட்ட.

நான் மொரிஸ் மைனர் மூக்கு வைக்கலாம் என்று நினைத்து, மட்டையைத் தண்ணீரில் நனைத்துப் போத்தலில் சுற்றிக் காயவைத்து வளைவு எடுத்தேன். மட்டையில் வளைவு எடுக்க அதுதான் வழி. மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு பஸ்தான் வேணும்" என்றான். சிவப்பு நிறம் தீட்டி, முன்னால் 87 யாழ்ப்பாணம் - கொழும்பு என்று தானே எழுதினான். மொரிஸ் மைனரின் மூக்கு இப்போது என் மேசையில் பேனை வைக்கிற கிண்ணம்.

பஸ் ஒரு கிழமையாக ஓடுகிறது. முந்தநாள் திடீரென்று பாதியில் நின்றது. புரட்டிப் பார்த்தால், பின் அச்சில் மணிக்கும் ஸ்ரோவுக்கும் நடுவே அவனுடைய அம்மாவின் தலைமுடி நாலைந்து இழை சுற்றிக் கிடந்தது. ஊசியால் இழுத்து எடுத்து, கொஞ்சம் பென்சில் கரியைத் தட்டிவிட்டேன். கிழமைக்கு ஒருக்கால் இந்தச் சர்வீஸ் தேவைப்படும்.